ஸ்லைடு பிலிமில் முகப்படம்: காரைக்கால் ஸ்டுடியோவில் கிராஸ் பிராசஸ்

ஸ்லைடு பிலிமை அதற்குரிய ஈ-6 மருந்தில் கழுவினால், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவுடன் படம் தெரிகிற பாசிட்டிவ் கிடைக்கும். அதையே சாதாரணக் கலர் நெகட்டிவுக்கான சி-41 மருந்தில் கழுவினால் நெகட்டிவ் கிடைக்கும். அந்த நெகட்டிவிலிருந்து போடும் படத்தில் கான்ட்ராஸ்ட் ஏறியிருக்கும், நிறம் அடர்ந்திருக்கும், நிழல் பச்சைக்கோ நீலத்துக்கோ சாய்ந்திருக்கும். இதற்குப் பெயர்தான் கிராஸ் பிராசஸ். 1990-களில் பேஷன் பத்திரிகைகளும் இசை ஆல்பம் அட்டைகளும் இதை வாரி எடுத்துக்கொண்டன. சினிமாவுக்கும் வந்தது. ஸ்பைக் லீயின் 'கிளாக்கர்ஸ்' (1995), வளைகுடாப் போரைப் பற்றிய 'த்ரீ கிங்ஸ்' (1999) இரண்டிலும் எக்டாக்ரோம் பிலிமை இப்படி மாற்றிக் கழுவிய காட்சிகள் உண்டு.

காரைக்காலில் இருப்பவருக்கு இதில் நடைமுறை லாபமும் இருக்கிறது. ஈ-6 கழுவித் தரும் லேப் இந்தியா முழுவதிலுமே விரல்விட்டு எண்ணும் அளவுதான். ரோலைக் கூரியரில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சி-41 மருந்தை வீட்டுக் குளியலறையிலேயே கலந்து, மாலைக்குள் நெகட்டிவைக் கையில் பார்த்துவிடலாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். நிறமாற்றம் தானாக வரும், அதற்காக நீங்கள் பாடுபட வேண்டாம். பாடுபட வேண்டியது மனிதரின் தோலைக் காப்பாற்றத்தான். மாநிறமும் கறுப்பும் கலந்த நம் முகங்களை இந்த முறை ஈவிரக்கமில்லாமல் இருட்டில் தள்ளிவிடும். அதைத் தடுப்பது ஒளியும் எக்ஸ்போஷரும். மருந்தால் அதைச் செய்ய முடியாது. இந்த அத்தியாயத்தில் ஒளிக்கு அதிக இடம் போயிருப்பது அதனால்தான்.

எதற்கு இது வேண்டாம்

கல்யாணப் படம், பிரெஞ்சுத் தூதரகத்துக்கான பாஸ்போர்ட் படம், இறந்தவர் படத்துக்காக எடுக்கும் பெரியவர் படம் ஆகியவற்றில் இதைச் செய்யாதீர்கள். ஒரே ஒரு பிரதி, திரும்ப எடுக்க வாய்ப்பில்லை என்றால் சாதாரண நெகட்டிவிலோ டிஜிட்டலிலோ முதலில் பத்திரமாக எடுத்துவிட்டு, பிறகு ஸ்லைடு பிலிமைப் போடுங்கள். அமர்பவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். தன் முகம் பச்சை நிழலோடு வரப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிலிம்: எதை வாங்குவது, எப்படிக் கொண்டுவருவது

இன்று புதிதாகக் கிடைப்பவை குறைவு. கோடாக் எக்டாக்ரோம் ஈ-100 ஒன்று. எக்டாக்ரோம் 2012-இல் நிறுத்தப்பட்டு 2018-இல் திரும்பி வந்தது. ஃபூஜியின் பிராவியா 100எஃப், வெல்வியா 50, வெல்வியா 100 ஆகியவை மற்றவை. சி-41-இல் பிராவியா பெரும்பாலும் பச்சைக்கும், எக்டாக்ரோம் நீலப்பச்சைக்கும், வெல்வியா 100 சிவப்புக்கும் சாயும். எக்ஸ்போஷரும் ஸ்கேனரும் இதை மாற்றும் என்பதால் இதை விதியாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். முகப்படத்துக்கு என் தேர்வு பிராவியா. வெல்வியாவின் சிவப்பு, வெற்றிலை போட்ட வாயையும் முகப்பரு வடுவையும் முகத்தைவிட முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

காலாவதியான ரோல் மலிவாகக் கிடைத்தால் சோதனைக்கு வாங்கலாம். ஆனால் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். 'ஈ-6' என்று இருந்தால் மட்டும் சி-41 டேங்கில் போடுங்கள். கோடாக்ரோம் என்று இருந்தால் தொடாதீர்கள். அது கே-14 என்ற தனி முறை. அதன் கடைசிச் சுருள்கள் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லேப் ஒன்றில் 2010 டிசம்பர் வரை வாங்கப்பட்டன, அதோடு முடிந்தது. அதன் முதுகிலும், பெரும்பாலான பழைய சினிமா நெகட்டிவின் முதுகிலும் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு உண்டு. அது கரைந்து வந்தால் மருந்து முழுதும் பாழ்.

காரைக்காலில் பல குடும்பங்களுக்குப் பாரிஸில் உறவு உண்டு. அங்கிருந்து மாமாவோ அக்காவோ வரும்போது பிலிம் வாங்கிவரச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை:

1. பிலிமைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. கைப்பையில் வர வேண்டும்.
2. விமான நிலையத்தில் சிடி வகை ஸ்கேனர் இருந்தால், பிலிமை வெளியே எடுத்துக் காட்டிக் கையால் சோதிக்கச் சொல்ல வேண்டும். அந்த ஸ்கேனர் குறைந்த ஐஎஸ்ஓ பிலிமையும் புகையேற்றிவிடும்.
3. சென்னையிலிருந்து காரில் வரும் வழியில் டேஷ்போர்டில் வைக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். படமெடுக்கும் நாளன்று இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்து, டப்பா அறைச்சூட்டுக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். கடற்கரை ஊரின் ஈரக்காற்று, குளிர்ந்த பிலிமின் மேல் ஒரே நிமிடத்தில் வியர்த்துவிடும்.

அறை

ஸ்டுடியோ என்றால் பெரிய கட்டடம் வேண்டாம். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறை போதும். சுவரின் நிறத்தை மட்டும் பாருங்கள். நம் ஊரில் இளம்பச்சையும் ரோஸும் அடித்த அறைகள்தான் அதிகம். ஃபிளாஷ் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி முகத்தின் நிழல்பக்கம் ஏறும். ஏற்கெனவே பச்சைக்குச் சாயும் பிலிமில் அது இரட்டிப்பாகும். வெள்ளை வேட்டியையோ பெட்ஷீட்டையோ இரு பக்கச் சுவரிலும் தொங்கவிடுங்கள்.

டியூப்லைட், எல்இடி பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஸ்லைடு பிலிம் பகல் வெளிச்சத்துக்குச் சமன் செய்யப்பட்டது. ஸ்டுடியோ ஃபிளாஷும் ஏறக்குறைய அதே நிறம்தான். வேறு வெளிச்சம் கலந்தால், பிறகு எந்த நிறம் எதனால் வந்தது என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. சோதனை ரோலின் பயனே போய்விடும்.

ஒளி: தட்டையாக வையுங்கள்

ஸ்லைடு பிலிமின் இயல்பான கான்ட்ராஸ்டே அதிகம். சி-41-இல் போட்டால் அது இன்னும் செங்குத்தாகிறது. கண்ணுக்கு மெலிதாகத் தெரியும் நிழல், படத்தில் கரிக்கோடாக வரும். ஆகவே, கண்ணுக்குச் 'சப்பென்று இருக்கிறதே' என்று தோன்றும் ஒளிதான் இங்கே சரியான ஒளி. ஒரு பக்கம் இருட்டாக விடும் வழக்கமான ஸ்டுடியோ பாணியை மறந்துவிடுங்கள்.

1. அமர்பவரைத் திரையிலிருந்து ஐந்தாறு அடி முன்னால் உட்காரவையுங்கள்.
2. ஏறக்குறைய மூன்றடி சாஃப்ட்பாக்ஸ் ஒன்றை, முகத்திலிருந்து நாலடி தூரத்தில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். கேமராவுக்கு அருகிலேயே இருக்கட்டும், பக்கவாட்டில் வெகுதூரம் போக வேண்டாம்.
3. மறுபக்கம் முழு அளவுத் தெர்மாகோல் பலகை ஒன்றை, முகத்திலிருந்து இரண்டடிக்குள் நிறுத்துங்கள். இந்த முறையில் மிக முக்கியமான கருவி இந்தப் பலகைதான்.
4. இன்னொரு தெர்மாகோலை மடியில் கிடையாக வையுங்கள். தாடைக்கடியிலும் கண்குழியிலும் விழும் நிழலை இது தூக்கும்.
5. மீட்டரை முகத்தின் வெளிச்சப்பக்கம் ஒருமுறை, நிழல்பக்கம் ஒருமுறை வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால் தெர்மாகோலை இன்னும் நெருக்குங்கள்.
6. தலைமுடிக்குப் பின்னாலிருந்து லைட் கொடுக்கும் பழக்கம் இருந்தால், முதல் ரோலில் அதை அணைத்து வையுங்கள். எண்ணெய் தடவிய தலையில் அது வெள்ளைத் திட்டாக எரிந்துவிடும்.

பழைய கேமராக்களில் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் ஷட்டர் வேகம் 60 அல்லது 125-க்கு மேல் போகாது. டயலில் அந்த எண்ணுக்குத் தனி நிறமோ குறியோ இருக்கும். அதைத் தாண்டினால் பாதிப்படம் கறுப்பாக வரும்.

*குறிப்பு:* நெற்றி, மூக்குநுனி, கன்னத்து மேடு மூன்றிலும் வியர்வை மினுக்கம் இந்த முறையில் சுண்ணாம்புப் பொட்டாக வரும். வைகாசியில் மின்விசிறி இல்லாமல் ஒருவரைப் பத்து நிமிடம் உட்காரவைத்தால் வியர்க்கத்தான் செய்யும். துவாலையும் கொஞ்சம் பவுடரும் கைவசம் இருக்கட்டும். ஒவ்வொரு நாலைந்து படத்துக்கும், "அத்தை, ஒரு நிமிஷம் நெத்திய ஒத்திக்குங்க" என்று சொல்லி நிறுத்துங்கள். அந்த இடைவெளியில் அவர்கள் தோளும் தளர்ந்து இறங்கும்.

தோல்

கலர் பிலிமும் அதைச் சரிபார்க்கும் முறையும் உருவான காலத்தில் அளவுகோலாக வைக்கப்பட்டது வெள்ளைத் தோல். கோடாக் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு' என்ற சோதனைப் படத்தில் பல பத்தாண்டுகள் வெள்ளைப் பெண்ணின் முகமே இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. அந்தக் கணக்கில் நம் முகம் இல்லை. ஆகவே பிலிம் பெட்டியில் அச்சிட்ட ஐஎஸ்ஓ எண்ணை அப்படியே நம்பி எடுத்தால், நம் ஆட்கள் இருட்டில்தான் வருவார்கள்.

கணக்கு எளிது. முகத்தருகே வைத்துப் பார்க்கும் இன்சிடென்ட் மீட்டர், நடுத்தரச் சாம்பலைச் சாம்பலாகக் காட்டும் எண்ணைச் சொல்லும். கறுத்த தோல் அதிலிருந்து ஏறக்குறைய ஒரு ஸ்டாப் கீழே இருக்கும். சாதாரண நெகட்டிவில் இது பிரச்சினையே இல்லை. கிராஸ் பிராசஸில் கான்ட்ராஸ்ட் செங்குத்து என்பதால் அந்த ஒரு ஸ்டாப், படத்தில் இரண்டு ஸ்டாப்பு போல விழுகிறது. கன்னத்துக்கும் தாடைக்கும் இடையிலான நயமெல்லாம் ஒரே கரும்பழுப்பாகிவிடும்.

ஸ்லைடு எடுத்துப் பழகியவர்கள் அரை ஸ்டாப் குறைத்து எடுப்பார்கள், வெளிச்சப்பகுதி வெளுத்துவிடக் கூடாதே என்று. இங்கே அந்தப் பழக்கம் தலைகீழாக வேண்டும். முடிவில் உங்கள் கையில் இருக்கப்போவது நெகட்டிவ். நெகட்டிவில் வெளிச்சம் படாத இடம் வெறும் கண்ணாடி, அதிலிருந்து எதையும் மீட்க முடியாது. வெளிச்சம் கூடிப்போன இடம் அடர்ந்து நிற்கும், ஆனால் அதில் தகவல் இருக்கும், முயன்றால் எடுக்கலாம்.

தொடக்கத்துக்கு இந்த அளவை வைத்துக்கொள்ளுங்கள்:

1. 100 ஐஎஸ்ஓ பிலிமுக்கு, வெளிர் மாநிறத்தவர் என்றால் மீட்டரை 64-இல் வையுங்கள்.
2. நல்ல கறுப்பு நிறத்தவர் என்றால் 50-இல் வையுங்கள்.
3. இருவர் சேர்ந்து அமர்ந்தால், நிறம் அடர்ந்தவரின் கணக்கையே பின்பற்றுங்கள். வெளிர் நிறத்தவரைச் சாஃப்ட்பாக்ஸிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி உட்காரவையுங்கள்.

கேமராவுக்குள்ளேயே இருக்கும் மீட்டரை இதற்கு நம்பாதீர்கள். ஃபிளாஷ் எரியும் கணம் அதற்குத் தெரியாது. ஃபிளாஷ் மீட்டர் இல்லையென்றால், டிஜிட்டல் கேமராவில் அதே ஐஎஸ்ஓ, அதே அப்பர்ச்சர் வைத்து ஒரு சாம்பல் அட்டையை எடுத்துப் பாருங்கள். அட்டையின் மேடு ஹிஸ்டோகிராமின் நடுவில் வந்து நின்றால் போதும்.

துணியும் திரையும்

எக்ஸ்போஷரைக் கூட்டிவிட்டோம். அப்படியானால் வெள்ளைக்கு ஆபத்து. பளீரென்ற வெள்ளை வேட்டி, வெள்ளைத் துப்பட்டி, தலைநிறைய மல்லிகை ஆகியவை மடிப்பும் இதழும் இல்லாத வெண்மைத் திட்டாகிவிடும். சந்தன நிறம், பழுப்பு, மங்கிய மஞ்சள் கட்டச் சொல்லுங்கள். பூ வேண்டுமென்றால் கனகாம்பரம்.

இந்த முறைக்கென்றே பிறந்தது போன்ற துணி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. மயிலாடுதுறைக் கூறைநாட்டின் கூறைப்புடவை, பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு நெய்வது. அதன் அரக்கும் மஞ்சளும் சி-41-இல் கொழுந்துவிட்டு எரியும். கட்டம் இருப்பதால் நிறம் அடர்ந்தாலும் துணியின் வடிவம் தொலையாது. தங்க நகை எலுமிச்சை மஞ்சளுக்குப் போகும், அது அழகாகவே இருக்கும். வைரமூக்குத்தி மட்டும் ஃபிளாஷை நேரே திருப்பி அடிக்கும். முகத்தை ஒரு விரற்கடை திருப்பச் சொன்னால் சரியாகிவிடும்.

திரைக்குக் கருநீலம், ஆழ்பச்சை, மங்கிய செங்கல் நிறம் நன்றாக வரும். வெளிர் சாம்பல் திரை எங்கள் பகுதி ஸ்டுடியோக்களில் சாதாரணம். இந்த முறையில் அது ஊசிப்போன பச்சையாகிவிடுகிறது. கறுப்புத் திரை வேண்டாம். கறுத்த கூந்தல் அதில் கரைந்து, முகம் மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

முகத்தில் ஏறும் பச்சையைக் குறைக்க வேண்டுமானால் சாஃப்ட்பாக்ஸின் முன் மெல்லிய மெஜந்தா ஜெல் ஒன்றைக் கட்டலாம். முழுதாகச் சரியாகாது. ஏனென்றால் இந்த முறையில் நிழலும் வெளிச்சமும் ஒரே பக்கம் சாய்வதில்லை. முகத்தைச் சரிசெய்தால் நிழல் வேறு நிறத்துக்கு ஓடும். அந்த ஓட்டம்தான் படத்துக்கு உயிர் என்பது என் எண்ணம். முகம் நோயாளி முகமாகாத அளவுக்கு மட்டும் ஜெல்லைப் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சோதனை ரோல்

விலை கூடிய பிலிமில் 36 படத்தைச் சோதனைக்கே செலவிடுவதா என்று மனம் தயங்கும். செலவிடுங்கள். இதில் கிடைக்கும் கணக்கு, உங்கள் அறை, உங்கள் ஃபிளாஷ், உங்கள் மருந்துக்கு மட்டுமே பொருந்தும், வேறு எவரும் அதைத் தர முடியாது. பொறுமையாக உட்காரும் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

1. மீட்டரை 100-இல் வைத்து அளந்து, அந்த அப்பர்ச்சரைத் தாளில் எழுதுங்கள். எஃப் 8 என்று வைத்துக்கொள்வோம்.
2. தெர்மாகோல் நெருக்கமாக இருக்க நான்கு படம்: எஃப் 8, அதற்கும் 5.6-க்கும் நடுவே, எஃப் 5.6, எஃப் 4.
3. தெர்மாகோலை ஐந்தடி தள்ளி வைத்து அதே நான்கு.
4. தெர்மாகோலை எடுத்துவிட்டு அதே நான்கு.
5. அடர்ந்த நிறத் துணியை மாற்றிக் கட்டச் சொல்லி, இரண்டாவது முதல் நான்காவது வரையான படிகளை மறுபடி செய்யுங்கள். 24 ஆயிற்று.
6. மீதி 12-இல் ஆறு மெஜந்தா ஜெல்லோடு, ஆறு வேறு திரையோடு.

ஒவ்வொரு படத்திலும் அப்பர்ச்சர் எழுதிய சின்னச் சிலேட்டை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு நோட்டைத் தேடும் வேலை மிச்சம். பிலிமைச் சுற்றும்போது ரீவைண்டு குமிழும் கூடச் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லையென்றால் பிலிம் பற்களில் மாட்டவில்லை, 36 படமும் காற்றில்தான்.

கழுவும் முன்: பாதுகாப்பு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. சி-41 டெவலப்பரில் உள்ள சிடி-4 என்ற பொருள் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். முதல்முறை ஒன்றும் ஆகாமல் போகலாம். பலமுறை பட்ட பிறகு ஒருநாள் கை முழுதும் தடித்துச் சிவக்கும், அதன்பின் அந்த மருந்தின் பக்கமே போக முடியாது. நைட்ரைல் கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம்.
2. சமையலறையில் கலக்க வேண்டாம். அளவுக்குவளை, புனல், கரண்டி எதுவும் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. குளிர்பானப் பாட்டிலில் மருந்தை ஊற்றி வைக்காதீர்கள், குழந்தை எடுத்துக் குடித்துவிடும்.
3. குளியலறை ஜன்னல் திறந்திருக்கட்டும். பழைய ஸ்டெபிலைசரில் ஃபார்மலின் இருக்கும், அதன் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.
4. நம் வீடுகளில் வெந்நீருக்குப் போடும் ஹீட்டர் ராடு மிக ஆபத்தானது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகுதான் தண்ணீரில் கையோ தெர்மாமீட்டரோ வைக்க வேண்டும். ஈரத்தரையில் வெறுங்காலோடு பிளக்கைத் தொடாதீர்கள்.

தண்ணீரும் சூடும்

டெவலப்பரின் சூடு 37.8 டிகிரி செல்சியஸ். கோடாக் சொல்லும் சலுகை கால் டிகிரி கூட இல்லை. இந்தச் சூடு ஃபாரன்ஹீட் கணக்கில் சரியாக 100. ஆகவே, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை இதற்கென்று தனியே வாங்கி வைத்து, உங்கள் பெரிய தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மலிவான வழி, ஆனால் நம்பகமானது.

சித்திரை, வைகாசியில் இங்கே சிக்கல் நேர்மாறாக வரும். பிற்பகலில் மாடித் தொட்டித் தண்ணீர் 38-ஐத் தாண்டியிருக்கலாம். அந்தக் குழாய்த் தண்ணீரை யோசிக்காமல் எடுத்துக் கழுவாதீர்கள். அதிகாலையில் பிடித்து வைத்த தண்ணீரைக் கலந்து இறக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரத்தால் பிலிம் காயவே காயாது. தை, மாசிதான் இந்த வேலைக்கு ஏற்ற பருவம்.

காரைக்கால் நிலத்தடி நீரில் உப்பு உண்டு. மருந்து கலக்கவும் கடைசி அலசலுக்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். நடுவில் வரும் கழுவல்களுக்குக் கேன் தண்ணீர் போதும்.

கழுவும் வரிசை

மருந்துப் பெட்டியில் ப்ளீச்சும் ஃபிக்ஸரும் தனித்தனியாக இருக்கும் வகையைத் தேடி வாங்குங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்த 'ப்ளிக்ஸ்' வகையும் வேலை செய்யும், ஆனால் அடர்ந்த ஸ்லைடு பிலிமில் வெள்ளி மிச்சமாகிவிட வாய்ப்பு அதிகம். பெட்டிக்குள் வேறு நேரம் அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கீழே இருப்பது பொதுவான சி-41 வரிசை.

1. முழு இருட்டில், அல்லது சேஞ்சிங் பேக்கில், பிலிமை ரீலில் ஏற்றி டேங்கை மூடுங்கள். கை வியர்த்தால் பிலிம் ரீலில் சிக்கும். பேக்குக்குள் கைவிடும் முன் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள்.
2. பெரிய பிளாஸ்டிக் டப்பில் 38 டிகிரி தண்ணீர் நிரப்பி, மருந்து பாட்டில்களையும் டேங்கையும் அதில் நிறுத்துங்கள். கால் மணி நேரம் விடுங்கள்.
3. அதே சூட்டுத் தண்ணீரை டேங்கில் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். வரும் தண்ணீர் நிறமாக இருக்கும், பயப்பட வேண்டாம்.
4. டெவலப்பர்: 3 நிமிடம் 15 வினாடி. முதல் பத்து வினாடி விடாமல் புரட்டுங்கள், பிறகு ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் நான்கு முறை. நேரம் முடிய பத்து வினாடி இருக்கும்போதே கொட்டத் தொடங்குங்கள்.
5. ப்ளீச்: 6 நிமிடம் 30 வினாடி. இனிச் சூடு சற்று முன்பின் இருக்கலாம்.
6. தண்ணீர்: 3 நிமிடம் 15 வினாடி, பலமுறை மாற்றி.
7. ஃபிக்ஸர்: 6 நிமிடம் 30 வினாடி.
8. தண்ணீர்: 3 நிமிடம் 15 வினாடி.
9. ஸ்டெபிலைசர் அல்லது ஃபைனல் ரின்ஸ்: 1 நிமிடம் 30 வினாடி. இதன்பின் தண்ணீரில் அலசக் கூடாது.
10. மின்விசிறியை அணைத்த குளியலறையில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். மாடிக் கொடியில் போடாதீர்கள், கடற்காற்று மணலையும் உப்பையும் கொண்டுவந்து ஈர எமல்ஷனில் ஒட்டிவிடும்.

ப்ளீச்சோ ஃபிக்ஸரோ ஒரு துளி டெவலப்பரில் விழுந்தாலும் டெவலப்பர் கெட்டது. பாட்டில்களுக்கு மூன்று வேறு நிற மூடி போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் புனல். 'புஷ்' செய்து நேரத்தைக் கூட்டும் ஆசை வேண்டாம். கான்ட்ராஸ்ட் ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கிறது. அதே மருந்தில் சாதாரண நெகட்டிவும் கழுவ வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, ஸ்லைடு ரோலைக் கடைசியில் போடுங்கள்.

லேபில் கொடுத்துக் கழுவுவதானால் கவுன்டரிலேயே சொல்லுங்கள்: "இது ஈ-6 ரோலுங்க, தெரிஞ்சேதான் சி-41-ல போடச் சொல்றேன்." ரோல் மேலும் எழுதி ஒட்டுங்கள். சொல்லாமல் கொடுத்தால் திருப்பித் தந்துவிடுவார்கள், இல்லையென்றால் ஈ-6 லேபுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தீர்ந்த ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கிறது. அதைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஊற்றாதீர்கள். நம் வாய்க்கால் எல்லாம் வயலுக்கோ அரசலாற்றுக்கோதான் போகின்றன. மூடிய கேனில் சேர்த்து வையுங்கள். எக்ஸ்ரே பிலிம் கழுவும் இடங்களில் பழைய ஃபிக்ஸரை விலைக்கு வாங்கி வெள்ளி பிரிப்பவர்கள் உண்டு, அவர்களிடம் சேர்க்கலாம்.

நெகட்டிவைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிப்பது

சாதாரணக் கலர் நெகட்டிவில் இருக்கும் ஆரஞ்சுப் பூச்சு இதில் இருக்காது. ஓரம் ஏறக்குறையக் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். அதுதான் சரி.

ஓரத்தில் எழுத்தும் எண்ணும் தெரிந்து, படம் மட்டும் இல்லையென்றால் கேமராவில் பிலிம் ஓடவில்லை. எழுத்தும் இல்லையென்றால் டெவலப்பர் செத்தது, அல்லது மருந்து வரிசை மாறியது. படம் இருந்தும் பழுப்பாக, அழுக்குப் படிந்தது போல மங்கலாக இருந்தால் வெள்ளி மிச்சமிருக்கிறது. இதை மட்டும் காப்பாற்றலாம்: வெளிச்சத்திலேயே மறுபடி ப்ளீச், தண்ணீர், ஃபிக்ஸர், தண்ணீர், ஃபைனல் ரின்ஸ். முகம் இருக்கும் இடம் மெலிந்து தெளிவாகக் கிடந்தால் அடுத்த ரோலில் இன்னும் அரை ஸ்டாப் கூட்டுங்கள். கழுவலால் அதைச் சரிசெய்ய இயலாது.

ஸ்கேன்

ஸ்கேனரின் 'கலர் நெகட்டிவ்' பொத்தான் ஆரஞ்சுப் பூச்சைக் கழிக்கப் பழகியது. இல்லாத ஆரஞ்சைக் கழித்தால் தேவையற்ற நிறம் ஒன்று வந்து சேரும். ஆகவே:

1. 'பாசிட்டிவ்' என்று தேர்ந்து, 16 பிட்டில், தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் நல்ல எல்இடி பலகை மேல் நெகட்டிவை வைத்து டிஜிட்டல் கேமராவால் ரா கோப்பாக எடுக்கலாம்.
2. கணினியில் தலைகீழாக மாற்றுங்கள்.
3. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே திறந்து, கறுப்பும் வெளுப்பும் எங்கே தொடங்குகின்றன என்று பார்த்து நிறுத்துங்கள்.
4. முகத்தின் நடுப்பகுதியை மட்டும் பார்த்து நிறத்தைச் சரிசெய்யுங்கள். நிழலை அதன் போக்கில் விடுங்கள்.

'ஆட்டோ கலர்' பொத்தானைத் தொட்டால் இவ்வளவு பாடுபட்ட நிறம் ஒரே சொடுக்கில் போய்விடும். பழைய முறையில் கலர் பேப்பரில் பிரிண்ட் போடுபவர்கள், கழுவிய வெறும் சி-41 நெகட்டிவின் ஆரஞ்சுத் துண்டு ஒன்றை என்லார்ஜரின் ஃபில்டர் தட்டில் வைத்தால் நிறம் கைக்குள் வரும்.

எடுத்து வைப்பது

நெகட்டிவைச் செய்தித்தாளிலோ சாதாரணப் பாலிதீன் உறையிலோ வைக்காதீர்கள். இந்த ஊர் ஈரத்தில் அது ஒட்டிக்கொள்ளும், ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை படரும். ஆறு ஆறாக வெட்டி, நெகட்டிவுக்கென்றே விற்கும் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம்.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழகப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் செய்தது. அப்படித் தேடுபவர்கள் கையில் ஒரு படம் கிடைக்கும்போது அதில் இருப்பவர் யார், எப்போது எடுத்தது, எந்த ஸ்டுடியோ என்ற விவரம் கூடவே இருந்தால்தான் அது ஆவணமாகும். உங்கள் நெகட்டிவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்லைடு பிலிமின் பெயர் ஓரத்தில் அச்சாகியிருக்க, படமோ நெகட்டிவாக இருக்கும். பின்னாளில் எடுப்பவர் இதைக் கெட்டுப்போன ரோல் என்று நினைத்துவிடலாம். ஆகவே ஒவ்வொரு உறையிலும் அழியாத பேனாவால் இந்த வரிசையில் எழுதுங்கள்: அமர்ந்தவர் பெயர், ஊர், தேதி, பிலிமின் பெயர், மீட்டரில் வைத்த ஐஎஸ்ஓ, தெர்மாகோல் இருந்த தூரம், ஜெல் உண்டா இல்லையா, கடைசியாக 'ஈ-6 பிலிம், சி-41-இல் கழுவியது'.